செந்திலுக்கு, மனுவைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ரேவதியும் பிள்ளைகளும் சுகம்தானே.

துப்பாக்கி, ரத்தம் என்று வருகிற கேம்களை அரசு தடை செய்ய வேண்டும் என்று நீ எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய மனுவை பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். போட்டோ பிடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அதற்கு நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். போனில் பேசலாம் என்றால் மூன்றாவது நிமிஷம் மீட்டிங் வந்துவிடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நீயாகக் கூப்பிடவும் இல்லை. அதனால்தான் தபால்.

மனு நன்றாக வந்திருக்கிறது. ஒற்றுப்பிழையைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. குடியிருப்பில் அத்தனை பேர் இருந்தும் உன்னைத்தானே செயலாளர் ஆக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் ஹாக்கி டீமுக்கு மட்டை கேட்டு எம்எல்ஏவுக்கு நீ எழுதிய மனு ஞாபகம் வந்தது. அப்பா அதை எத்தனை பேரிடம் வாசித்துக் காட்டினார்!

ஆனால் நான் கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் முழுதாகப் படி.

கடைசிப் பக்கத்தில், "கோவில்பட்டியில் பல ஆண்டுகள் பிரௌசிங் சென்டர் நடத்திய என் தாயாரே இவ்விளையாட்டுகளின் தீமையை நேரில் கண்டவர்" என்று போட்டிருக்கிறாய். என்னைக் கேட்டாயா? கேட்டிருந்தால் என்ன கண்டேன் என்று சொல்லியிருப்பேன். சரி, சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டாய், இப்போது சொல்கிறேன்.

எட்டு சிஸ்டம். நெட்டுக்கு மணிக்கு இருபது ரூபாய், கேமுக்குப் பதினைந்து. அப்பா பிரீமியம் வசூலுக்குப் போன நேரமெல்லாம் கல்லாவில் நான்தான். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே "ஃபயர் இன் த ஹோல்" கேட்டவள் நான். திரும்பிப் பார்க்காமலே எந்த சிஸ்டத்தில் எது ஓடுகிறது என்று சொல்வேன். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் கவுண்டர் ஸ்ட்ரைக். ரேடியோப் பாட்டும் கார் ஹாரனும் என்றால் வைஸ் சிட்டி. சங்கிலி சத்தம் கேட்டால் ரோட் ராஷ். ஐஜிஐ என்றால் சத்தமே இருக்காது, ஆடுகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதில் நடுவில் சேவ் கிடையாது, செத்தால் அந்த மிஷனை மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

எல்லாவற்றுக்கும் எல்லோரையும் விட்டேனா? இல்லை. பத்தாவது தாண்டாத யாருக்கும் வைஸ் சிட்டி கிடையாது என்று சட்டம் வைத்திருந்தேன். ரோட்டில் போகிற பெண்ணை மட்டையால் அடித்துக் கீழே தள்ளிவிட்டுக் காசு பொறுக்கலாம் அதில். அமெரிக்காவில் 1993-ல் மார்ட்டல் காம்பட் என்ற சண்டை கேமைப் பார்த்துப் பதறிப்போய் செனட்டில் விசாரணை வைத்தார்கள். அரசாங்கம் சட்டம் போடுவதற்குள் கேம் கம்பெனிகளே 1994-ல் வயது முத்திரை குத்த ஒரு வாரியம் வைத்துக்கொண்டன. வைஸ் சிட்டி டப்பாவில் பதினேழு வயதுக்கு மேல் என்று அந்த முத்திரை இருக்கும். நம் கடைக்கு வந்ததெல்லாம் வெறும் கவரில் போட்ட காப்பி சிடி. முத்திரை நான்தான். எத்தனை அம்மாமார் வந்து "அவனை உள்ளே விடாதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் தெரியுமா? ஒருத்தியாவது உள்ளே வந்து, மகன் பக்கத்தில் நின்று, என்னடா ஆடுகிறாய் என்று பார்த்ததில்லை. அது மட்டும் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று உனக்கே தெரியும். பாஸ்கர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அஜீஸ் துபாயில். கடலைமிட்டாய் கம்பெனிப் பையன், கவுண்டர் ஸ்ட்ரைக்கில் எல்லோரையும் சுட்டுத் தள்ளுவானே, ரத்தம் கொடுக்கப் போய் மயங்கி விழுந்து பெஞ்சில் படுக்கவைத்தார்கள். கம்பி எண்ணினவன் ஒரே ஒருவன்தான், வரப்புத் தகராறில். அவன் நம் கடையில் ஆடினது கார் ரேஸ். கார் ரேஸைத் தடை செய்யச் சொல்லி ஒரு மனு எழுதுவோமா?

எட்டு சிஸ்டத்தை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் நம் கௌசல்யாவைக் கூப்பிட்டேன். உளவியல் படித்தவள், அவளிடம் மனுவை வரிவரியாக வாசித்துக் காட்டினேன்.

முதல் பத்தியிலேயே லக்னோவை வைத்திருக்கிறாய். 2022 ஜூனில் பதினாறு வயதுப் பையன், பப்ஜி ஆட விடவில்லை என்று அம்மாவைச் சுட்டுவிட்டான் என்று போலீஸ் சொன்ன கேஸ். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நானும் தூங்கவில்லை. ஆனால் அதே செய்தியில் இன்னொன்றும் இருந்தது. அவன் சுட்டது வீட்டிலிருந்த அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கியால். கேமிலிருந்த துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு எழுதியவன், பீரோவிலிருந்த துப்பாக்கியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே.

அடுத்தது "அமெரிக்க உளவியல் சங்கம் நிரூபித்துள்ளது" என்ற வரி. அதை அடித்துவிட்டேன். அவர்கள் 2015-ல் ஒரு தீர்மானம் போட்டார்கள், ஆமாம். இந்த மாதிரி கேம்களுக்கும் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு உண்டு என்றுதான் அதில் இருந்தது. எங்கே துப்பாக்கிச் சூடு நடந்தாலும் அரசியல்வாதிகள் அதைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்ததும், 2020-ல் அந்தச் சங்கமே தீர்மானத்தைத் திருத்தியது. கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற வன்முறைக்கு கேம்களைக் காரணம் காட்டுவது அறிவியலாகாது, அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொன்னார்கள். ஆக்ரோஷத்தோடு ஒரு சின்னத் தொடர்பு தெரிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆக்ரோஷம் என்றால் என்ன என்று கௌசல்யாவிடம் கேட்டேன். கத்துவது, பிடித்துத் தள்ளுவது, அந்த மாதிரி என்றாள். 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை, அவர்களைப் பெற்றவர்களையும் சேர்த்துக் கேட்டு ஆராய்ந்தார்கள். அதில் அந்தச் சின்னத் தொடர்பும் கிடைக்கவில்லை.

கத்துவதும் பிடித்துத் தள்ளுவதும் எந்தக் கேமும் வருவதற்கு முன்னாலேயே நம் வீட்டில் இருந்ததுதான். உனக்குத் தெரியாததா.

சரி, அதை விடு. மனுவுக்கு வருகிறேன்.

"2020-ல் அரசு தடை செய்ததைப் போல" என்று எழுதியிருக்கிறாய். எதற்காகத் தடை செய்தார்கள் என்று பார்த்தாயா? அந்த ஜூனில் சீன எல்லையில், கல்வானில் இருபது வீரர்கள் செத்தார்கள், நம் ராமநாதபுரம் பழனியும் அதில் ஒருவர். செப்டம்பர் 2-ஆம் தேதி சீனாவோடு சம்பந்தமுள்ள 118 செயலிகளைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் முடக்கினார்கள். அதில் பப்ஜியும் ஒன்று. நாட்டின் பாதுகாப்பு, ஜனங்களின் தகவல் என்றுதான் காரணம் சொன்னார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பதற்காகப் போட்ட தடை இல்லை அது. பப்ஜியை உருவாக்கிய கொரியாக் கம்பெனி அடுத்த ஜூலையில் அதே விளையாட்டுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு வந்தது, ரத்தத்துக்குப் பச்சை நிறம் பூசிக்கொண்டு. 2022 ஜூலையில் அதையும் முடக்கினார்கள். 2023 மே மாதம் திரும்ப வந்துவிட்டது. ஃப்ரீ ஃபயர் கதையும் இப்படித்தான். 2022 பிப்ரவரியில் தடை, ஆனால் அதன் அண்ணன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் கேம் கிடையாது என்று நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவைப்பேன் இல்லையா, குனிந்து உள்ளே வருவான்களே, அந்த மாதிரிதான் இதுவும்.

இன்னொன்று. செயலியை முடக்குகிற அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. நீ முதல்வர் தனிப்பிரிவுக்கு எழுதியிருக்கிறாய். விலாசத்தை மாற்று.

சீனாவையும் கொரியாவையும் பார்க்கச் சொல்கிறாய். பார்த்தேன். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் நடுராத்திரி முதல் காலை ஆறு மணிவரை ஆன்லைனில் ஆடக் கூடாது என்று கொரியாவில் 2011-ல் சட்டம் வந்தது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருஷம் பார்த்துவிட்டு 2021-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிடுவதென்று முடிவு செய்தார்கள். சீனாவில் 2021 முதல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள் ராத்திரி எட்டு முதல் ஒன்பது மணிவரைதான். அங்கேயும் தாத்தா பாட்டி பெயரில் கணக்கு வைத்து ஆடுகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சீனாவில் பிறந்திருந்தால் என் பெயரில் எத்தனை கணக்கு இருக்குமோ.

கலிபோர்னியாவையும் எழுதியிருக்கிறாய், ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறாய். 2005-ல் அங்கே இந்த மாதிரி கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது உண்மை. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அதைத் தள்ளிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்கிற தேவதைக் கதைகளில் இல்லாத கொடூரமா என்று தீர்ப்பிலேயே இருக்கிறதாம். உனக்கு நான் சொன்ன நல்லதங்காள் கதையில் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுவாள். மறுபடி மறுபடி கேட்பாய். ஏழாவது பிள்ளை ஓடுவான் பார், அந்த இடத்தில் என் சேலையைப் பிடித்துக்கொள்வாய்.

சட்டம் போட்டால் அதை நடத்துவது யார்? போலீஸ்தான். 2019 மார்ச்சில் ராஜ்கோட்டில் போலீஸ் கமிஷனர் பப்ஜிக்குத் தடை போட்டார். ஒரு வாரத்துக்குள் பத்துப் பையன்களைப் பிடித்துப்போனார்கள், அதில் பல பேர் காலேஜ் பிள்ளைகள். போலீஸ் பக்கத்தில் வந்து நின்றதுகூடத் தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று செய்தி. ஜாமீனில் விட்டுவிட்டார்கள் என்று வை. ஆனாலும் நம் பிள்ளையின் சட்டையை ஒரு கான்ஸ்டபிள் பிடிக்கிறான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். உனக்குச் சம்மதமா? பிறத்தியார் பிடித்தால் உனக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

சுந்தரி மகளுக்கு வரன் முடிந்துவிட்டது, தை கடைசியில் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை பேங்கில். சொல்ல வேண்டும் என்றிருந்தேன், விவரம் அப்புறம்.

ஒன்றையும் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பணம் வைத்து ஆடுகிறதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிறுத்தியது. முருகேசன் மகனுக்கு நடந்ததற்குப் பிறகு அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. இந்தக் கேம்களுக்குள்ளும் அதே சூது ஒளிந்திருக்கிறது. துப்பாக்கிக்குப் புதுச் சட்டை, பொம்மைக்குப் புதுத் தொப்பி என்று பெட்டியாக விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காசு கொடுத்துத் திறந்தால்தான் தெரியும். நினைத்தது வராது, இன்னொரு பெட்டி, இன்னொரு பெட்டி. பெல்ஜியத்தில் 2018-லேயே காசுக்குத் திறக்கிற இந்தப் பெட்டி சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள். பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தக் கொரியாக் கம்பெனி இங்கே வைத்த வரம்பு ஒரு நாளைக்கு ஏழாயிரம் ரூபாய். ஏழாயிரம்! என் ஒரு மாதத்து மளிகையும் மருந்தும் அதற்குள் முடிந்துவிடும். நீ துப்பாக்கியை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைப் பிடித்து ஒரு மனு எழுது. முதல் கையெழுத்து என்னுடையது.

அந்தப் பெட்டி விஷயத்தில்தானே எல்லாம் ஆரம்பித்தது. உன் கார்டிலிருந்து போன ரூபாயை நான் ஜிபே பண்ணினேன், நீ திருப்பி அனுப்பிவிட்டாய். ரூபாய்க்காக வந்த கோபம் இல்லை என்று அப்போதே புரிந்துகொண்டேன். பேரன் உனக்குத் தெரியாமல் எடுத்தான், அது தப்பு, பெரிய தப்பு. நானும் அவனிடம் சொன்னேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பதினெட்டுக்குள் இருக்கிற பிள்ளை ஆடவேண்டுமென்றால் பெற்றவர் நம்பருக்கு ஓடிபி வரும், தினம் மூன்று மணி நேரம்தான் ஆட முடியும் என்று அந்தக் கொரியாக் கம்பெனி விதி வைத்திருக்கிறது. அந்த ஓடிபி யார் போனுக்கு வந்தது? மீட்டிங்கில் இருந்துகொண்டே சொல்லியிருப்பாய். என்ன நம்பர், எதற்கு என்று கேட்டிருக்க மாட்டாய்.

குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. நீ படுகிற பாடும் தெரிகிறது. சரவணம்பட்டி டிராபிக்கில் போய், ராத்திரி அமெரிக்காக்காரனோடு பேசி, வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டு. எட்டாவது படிக்கும்போது கிரிம்பிங் டூலைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு சிஸ்டத்துக்கும் கேபிள் இழுத்த பிள்ளை நீ. மதுரையிலிருந்து வந்த சர்வீஸ்காரர், "இந்தப் பையன் இருக்கும்போது என்னை எதற்கு வரச் சொன்னீங்க" என்றார். அன்றைக்கு வந்த பெருமை எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. அவ்வளவு பொறுமை இருந்தது உன் கைக்கு.

அவனுக்கும் அதே கைதான். அரையாண்டு லீவில் வந்தபோது என் பழைய ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தான். உன்னிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான்.

அவன் அந்த பப்ஜி ஆடுகிறதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உடைந்த போனில் இல்லை, என் போனில். திட்டாதே, முக்கால் மணி நேரம்தான் கொடுத்தேன், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் இருக்காது. வீடு வீடாக நுழைந்து கிடைத்ததைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். வெளியே ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே நின்றால் சாவு. கடைசியில் மிஞ்சுகிறவனுக்குக் கோழிச் சாப்பாடு. இதைக் கண்டுபிடித்தவர் அயர்லாந்துக்காரர், கம்பெனி கொரியா என்று அவனே எனக்குப் பாடம் எடுத்தான். "அப்போ இது என்ன ஊர்?" என்று கேட்டேன். "எராங்கல், ஆச்சி" என்றான், நம் எட்டயபுரத்தைச் சொல்கிற மாதிரி.

அவனும் அந்தக் கடலைமிட்டாய் கம்பெனிப் பையன் மாதிரி சுட்டுத் தள்ளுவான் என்றுதான் நினைத்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? குதித்ததும் ஓரமாக ஒரு வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, மாடிக்கு ஏறி மூலையில் உட்கார்ந்துகொண்டான். யாரையும் சுடவில்லை. வெளியே ஓடுகிற காலடிச் சத்தத்தைக் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தான். "என்னல இது, ஒளிஞ்சுக்கிட்டே இருக்க?" என்றேன். "இதுக்குப் பேரு கேம்பிங் ஆச்சி. யாராவது படியேறி வந்தா சத்தம் கேட்கும்" என்றான். கூட ஆடுகிற மூன்று பையன்களில் ஒருத்தன் குண்டடிபட்டு விழுந்ததும்தான் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். மண்டியிட்டு அவனை எழுப்பிவிட்டான். அதற்குச் சில விநாடி பிடிக்கும், அந்த நேரத்தில் எவனாவது சுட்டால் இவனும் காலி. ஓடிப்போய் எழுப்பினான், மூன்று தடவை. அந்தப் பையன்களோடு எப்படிச் சிரிக்கிறான் தெரியுமா? அவனுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

ஒருநாள் ராத்திரி தோசைக்கு உட்கார்ந்தபோது மட்டும் கேட்டான். "ஆச்சி, தாத்தா அப்பாவை அடிப்பாங்களா?"

எதற்குக் கேட்கிறாய் என்றேன். சும்மா என்றான். சட்னி வேண்டுமா என்றேன். போதும் என்று எழுந்துவிட்டான். தட்டில் பாதித் தோசை.

எனக்குத் தெரிந்து இவ்வளவுதான். போன் எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை, "கீழே விழுந்துடுச்சு" என்று அவனாகச் சொன்னான். சுவரில் பட்டால்தான் அப்படி உடையும் என்று எட்டு சிஸ்டம் வைத்திருந்தவளுக்குத் தெரியாதா. பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் போகவில்லை என்று ரேவதி சொன்னாள், காய்ச்சல் என்றாள். காய்ச்சல் என்று சொல்லும்போது அவள் குரல் சரியில்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

செந்தில், நீ பத்தாவது படிக்கும்போது மாடிப்படியில் நடந்ததை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய். அன்றைக்கு நீ அழவில்லை. நேரே கடைக்கு வந்து நாலாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்தாய், ஐஜிஐ போட்டாய். கை நடுங்கியது, அந்த ரயில் யார்டுப் பக்கமே மறுபடி மறுபடி செத்துக்கொண்டிருந்தாய். ராத்திரி கடை சாத்துகிறவரை அந்த சிஸ்டத்துக்கு நான் யாரையும் விடவில்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்த யாராவது, இந்தப் பையன் கேம் ஆடித்தான் இப்படி ஆகிவிட்டான் என்று மனு எழுதியிருந்தால் நீ என்ன நினைத்திருப்பாய்?

அப்பா கெட்டவர் இல்லை. உனக்காக அவர் செய்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் உன் கை அவருடைய கையாக வேண்டியதில்லை.

ஆட்டத்தை விட முடியாமல் போகிற வியாதி ஒன்று இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதில் ரத்தம், துப்பாக்கி என்ற பேச்சே இல்லை. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியவில்லை, மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியமாகிவிட்டது, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியவில்லை, இப்படி ஒரு வருஷம்போல நீடித்தால் அது நோய் என்கிறார்கள். இவனுக்கு அப்படி இருக்கிறதா என்று நீயும் நானும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனி கிளினிக் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போ. ஆனால் அவனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே லேப்டாப்பைத் திறக்காதே. நீயும் உட்கார். டாக்டர் உன்னிடமும் நாலு கேள்வி கேட்பார், பதில் சொல். எனக்குச் சொல்லாததை அவரிடமாவது சொல்.

அதற்கு முன்னால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனோடு உட்கார். போனில் இதை எத்தனை தடவை சொல்லிவிட்டேன், இப்போது எழுத்திலும் சொல்கிறேன். அவனோடு உட்கார்ந்து சாப்பிடு. எராங்கல் எங்கே இருக்கிறது என்று கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஆடிப் பார், உன்னைவிட நன்றாக ஆடுவான், தோற்றுப்போ. படிப்பு போய்விடும் என்று பயப்படாதே. நீயும் ராத்திரி பகலாக ஆடினவன்தான், இன்றைக்கு உன் கையில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது. நேரம் வைத்துக் கொடு, பாஸ்வேர்டை நீ வைத்துக்கொள், கார்டை அதிலிருந்து எடுத்துவிடு. இதற்கெல்லாம் எந்த அரசாங்கமும் தேவையில்லை. ராத்திரி மட்டும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடு.

ரேடியோ நன்றாகப் பாடுகிறது. வீட்டு வரி கட்டிவிட்டேன், ரசீது பீரோவில். முழங்கால் வலிக்குத் தைலம் போதும், டாக்டரிடம் போ என்று திரும்பத் திரும்பச் சொல்லாதே.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் கிளம்பி அங்கே வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன், அதனால் வேண்டாம் என்று சொல்வதில் பயன் இல்லை. ரேவதியிடம் சொல்லிவிட்டேன். நான்கைந்து நாள் இருப்பேன். பிள்ளைகள் தூங்கின பிறகு உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை நேரில்தான் கேட்பேன், காகிதத்தில் எழுத மாட்டேன். அன்றைக்கு ராத்திரி மீட்டிங் வைத்துக்கொள்ளாதே.

மனுவில் சாட்சி என்று என் பெயரைப் போட்டிருக்கும் வரியைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். வேறு ஆள் பார்த்துக்கொள். சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வரும்போது அவனையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வா. சத்தம் போடாமல் எழுப்பு.

அன்புடன்,
அம்மா